பூட்டிய படலைக்கு யார் பொறுப்பு?

எங்கள் ஊரின் நடுவே எழுந்தருளியிருந்து அருள்பாலிக்கும் விநாயகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, இவ்வாண்டு மலருக்கு ஒரு சிறு சிந்தனையை எழுத முற்படுகின்றேன். ஆலய மலர்களிலே திருமுறைச் சிறப்பும், விரத மகிமையும், தல வரலாறும் எழுதப்படுவது வழக்கம். அவற்றை எழுத என்னிலும் தகுதி வாய்ந்த பெரியோர் உளர். நான் எடுத்துக்கொண்ட விடயம் ஆலயத்தின் மதிலுக்கு வெளியே உள்ளது. எனினும் அது ஆலயத்துக்குப் புறம்பானது அன்று என்பதைக் கட்டுரையை முழுவதும் வாசிப்போர் உணர்வர் என நம்புகின்றேன்.

மகோற்சவ காலத்திலே சுவாமி ஊர்வலமாக எழுந்தருளும்போது, வீதியின் இருமருங்கிலும் உள்ள இல்லத்தார் படலைக்கு முன்னே தண்ணீர் தெளித்து, கோலமிட்டு, நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி வரவேற்பது எமது மரபு. இன்று ஒரு படலைக்கு முன்னே விளக்கெரிகின்றது. அடுத்த இரண்டு படலைகள் பூட்டிக் கிடக்கின்றன. அதற்கப்பால் மீண்டும் ஒரு விளக்கு. பூட்டிய படலைக்கு உள்ளே ஆளுயரத்துக்குப் பற்றை. கூரையில் பாதி இல்லை. எங்கள் ஊரில் மட்டுமன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பாலான கிராமங்களில் இதுவே நிலை. கோயில் இல்லாத ஊரைப் பற்றி முன்னோர் எச்சரித்துச் சென்றனர். குடி இல்லாத கோயிலைப் பற்றி எச்சரிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. அத்தேவை எமக்கு வந்திருக்கின்றது.

ஆகவே என் கேள்வி இதுதான். ஆளில்லாத வீட்டுக்கும் வளவுக்கும் பொறுப்பானவர் யார்? உறுதி வைத்திருப்பவரா? வேலிக்கு இப்பால் குடியிருக்கும் அயலவரா? அல்லது ஊரா? இது சட்டக் கேள்வி போலத் தோன்றினாலும், அடிப்படையில் அறம் பற்றிய கேள்வி என்பதே என் கருத்து.

இவ்வீடுகள் எவ்வாறு வெறுமையாயின என்பதை முதலில் நினைவுகூர்தல் நன்று. 1983 யூலைக்குப் பின்னர் வெளிநாடு சென்றோர் ஒரு தொகையினர். 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்களை விட்டு எழும்ப நேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வெளியைக் கடந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போயினர். அடுத்த ஆண்டு பலர் திரும்பினர், திரும்பாதோரும் பலர். இன்றைய யாழ். மாவட்ட எல்லைக்குள் 1981ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 6 இலட்சத்துக்கும் குறைவு. 31 ஆண்டுகளில் பெருக வேண்டிய குடி சுருங்கிவிட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி எஞ்சியிருந்த இளையோரிலும் ஒரு பகுதியினரை அழைத்துச் சென்றது.

போர் மட்டும் காரணம் அன்று. எமது வழக்கமும் ஒரு காரணம். தாய் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது எம் முறை. மகள் கனடாவுக்கோ ஜேர்மனிக்கோ வாழ்க்கைப்பட்டுப் போனாலும் வீடு அவள் பெயரிலேயே இருக்கும். பெற்றோர் இருக்கும்வரை அங்கே அடுப்பெரியும். அவர்கள் காலமானதும் அந்தியேட்டியோடு படலை பூட்டப்படும். பிறகு சாவி ஒரு நாட்டில், உறுதி இன்னொரு நாட்டில், வீடு இங்கே.

இப்படியான நிலை எமக்கு மட்டும் உரியதும் அன்று. போரே நடைபெறாத இன்றைய ஜப்பானில் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 90 இலட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அங்கேயும் முதியோர் இறக்க, பிள்ளைகள் பட்டணத்தில் தங்கிவிட்டனர். கைவிட்ட வீட்டின் உரிமையாளரைப் பராமரிக்கப் பணிக்கவும், மறுத்தால் இடிக்கவும் உள்ளூராட்சிக்கு அதிகாரம் கொடுத்து 2015இல் ஒரு சட்டத்தையே அந்நாடு நடைமுறைப்படுத்தியது. ஆக, வெறும் வீடு உரியவரின் சொந்த விடயம் மட்டும் அன்று என்பதைச் செல்வந்த நாடுகளும் ஒப்புக்கொண்டுள்ளன.

அது ஏன் சொந்த விடயம் அன்று என்பதைச் சற்று விளக்க வேண்டும். வீடு ஒரே நாளில் விழுவதில்லை. முதலில் காற்றுக்கு ஓர் ஓடு நழுவும். வீட்டில் ஆள் இருந்தால் மறுநாளே ஏணி வைத்துச் சரி செய்வார். ஆளில்லாத வீட்டில் அந்த ஓட்டை வழியே மாரி மழை இறங்கும். சிலாகை உக்கும். வளையில் கறையான் ஏறும். அடுத்த மாரிக்கு அந்தப் பக்கம் முழுவதும் சரியும். காகமும் கிளியும் போட்ட எச்சத்திலிருந்து சுவர் வெடிப்பில் ஆலும் அரசும் முளைத்து, வேர் சுவரைப் பிளக்கும். பாட்டன் சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய நாற்சார் வீடு பத்துப் பன்னிரண்டு மாரிக்குள் மண்மேடாகும்.

இவ்வழிவு வேலிக்குள் அடங்கி நிற்பதில்லை. பற்றைக்குள் பாம்பு குடியேறும். அது இரை தேடி அயல் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு வரும். கூரைப் பீலியிலும், கைவிட்ட மலசலகூடத் தொட்டியிலும், சிரட்டையிலும் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். எமது வெப்பத்தில் அம்முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். நுளம்பு பெருக இடமளித்தலைக் குற்றமாக்கும் சட்டம் 2007ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பூட்டிய படலையில் ஒட்டிச் செல்லும் அறிவித்தலை வாசிக்க உள்ளே ஆளில்லை.

கிணறும் அப்படியே. ஆறில்லாத குடாநாட்டுக்குக் கிணறே உயிர். இறைக்கின்ற கிணறு ஊறும். இறைக்காத கிணறு பாசி பிடித்துக் கெடும். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் முன்னர் இங்கு இல்லாத ஒரு புதிய மலேரியா நுளம்பினம் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணற்று நீரிலும் தொட்டி நீரிலும் பெருகக்கூடிய இனம் அது. அதனாலேயே சுகாதாரத் திணைக்களத்தினர் கிணறு கிணறாகச் சென்று மீன்குஞ்சு விட நேர்ந்தது. பாவனையில்லாத கிணறு அயலாரின் உடலோடு தொடர்புடையது என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமோ?

இனிக் கேள்விக்கு வருவோம். இரண்டு விதமான விடைகளை ஊரிலே கேட்கின்றோம்.

முதலாவது விடை: "என்ர காணி. நான் பூட்டி வைப்பேன், விட்டு வைப்பேன். கேட்க நீங்கள் ஆர்?" இதனை வெறும் செருக்கென்று தள்ளிவிடுதல் தகாது. தூர தேசத்தில் பனிக்குள் வேலை செய்யும் ஒருவருக்கு ஊரிலுள்ள பூட்டிய வீடு, ஊரோடு தன்னைப் பிணைத்திருக்கும் கடைசிக் கயிறாக இருக்கக்கூடும். விற்றால் கயிறு அறுந்துவிடும் என்ற பயம் அவருக்கு. வாடகைக்கு விட்டால் திரும்பக் கிடையாது என்ற பயமும் உண்டு. உரிமையாளரின் அனுமதியின்றி, எதிரிடையாகவும் இடையூறின்றியும் 10 ஆண்டுகள் ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. அதைச் செவிவழியாக அரைகுறையாய்க் கேள்விப்பட்டவர், ஒருவரையும் உள்ளே விடாதிருப்பதே பாதுகாப்பு என்று எண்ணிவிடுகின்றார்.

ஆனால் "என் காணி" என்னும் சொல்லை எமது பழைய வழக்கம் எவ்வாறு விளங்கிக்கொண்டது என்று பார்க்க வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டு, 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டது தேசவழமை. காணியை விற்க நினைப்பவர் அதனைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் தெரியப்படுத்தி, அவர்கள் வாங்க விரும்பினால் அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்பது அதன் நெறி. காணி ஒருவர் பெயரில் இருந்தாலும், அதில் சுற்றியிருப்போருக்கும் சொல்ல ஒரு சொல் உண்டு என்பதே அதன் உட்பொருள். விற்கும்போதே அயலையும் உறவையும் எண்ண வேண்டும் என்றால், பாழாக விடும்போது எண்ண வேண்டாமா?

இரண்டாவது விடை முதலாவதிலும் ஆபத்தானது. "ஆளில்லைத்தானே, எடுத்தால் என்ன?" என்பது அது. முதலில் விழுந்த தேங்காயைப் பொறுக்குவதில் தொடங்கும். பிறகு கதவு நிலை, யன்னல் கம்பி, ஓடு. பிறகு ஒரு மாரியில் எல்லைக் கதியால் ஒரு முழம் உள்ளே நகரும். அடுத்த மாரியில் இன்னொரு முழம்.

இவ்விடத்தில் கசப்பான ஒன்றைச் சொல்லாமற் போக என் மனம் ஒப்பவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். தலைமுறைகளாக வாழ்ந்த அவர்களின் வீடுகள் வெறுமையாகின. கதவுகளும் ஓடுகளும் வளைகளும் கழற்றப்பட்டன, கைமாறின. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, நாங்கள் வீடுகளைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு இரவோடிரவாக நடந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் கதவு நிலைகளும் இல்லை. இதனை வினைப்பயன் என்று சொல்லி எவருடைய துன்பத்தையும் நான் எடைபோடவில்லை. பிறர் வீட்டில் கழற்றப்பட்ட கதவின் பாரம் எத்தகையது என்பதை நாம் அறிந்தவர்கள் என்று மட்டுமே சொல்கின்றேன்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காணி கேட்டு நின்றனர். மயிலிட்டித் துறைமுகமும் அயலும் 2017 யூலையிலேதான் விடப்பட்டன. அக்காலமெல்லாம் நாம் சொல்லி வந்தது ஒன்றுதான்: நாங்கள் அங்கே இல்லை என்பதால் அது எங்களுடையது அல்லாமற் போய்விடாது. அது நியாயமான சொல். அதிகாரம் படைத்தவரிடம் அச்சொல்லைச் சொன்ன நாம், வெளிநாட்டில் இருக்கும் அயலவரின் வேலியை நகர்த்தும்போது அதே சொல்லை மறந்துவிடலாமா? போர்க்காலத்தில் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தோருக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்த 10 ஆண்டுக் கணக்கில் சேர்க்காது விடுவதற்கு 2016இல் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டத்தை இயற்றியது. சட்டமே சில சூழலில் ஆண்டுகளை எண்ணாது நிறுத்தியது. அறமோ எத்தனை ஆண்டு கழிந்தாலும் பிறர் பொருளை எமதென்று எழுதித் தருவதில்லை.

ஆகவே ஒரு புறம் உரியவரின் உரிமை அழியாதது; மறு புறம் அயலவரின் இடர் உண்மையானது. இவ்விரண்டுக்கும் இடையில் வழி யாது? எமது சமயமே வழி காட்டியிருக்கின்றது.

திருநாவுக்கரசு சுவாமிகளின் திருக்கரத்தில் நாம் காண்பது உழவாரப்படை. அரசரோ அறங்காவலரோ ஆகாத அவர், தலந்தோறும் சென்று திருவீதியில் புல் செதுக்கினார். அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தவர். திருப்புகலூரில் நிகழ்ந்ததைப் பெரியபுராணம் கூறுகின்றது. சுவாமிகள் உழவாரப் பணி செய்த இடமெல்லாம் பொன்னும் நவமணிகளும் பரற்கற்களோடு விளங்கின. அவர் அவற்றையும் கல்லோடு ஒன்றாக உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். நாம் இக்கதையைப் பற்றின்மைக்கு உதாரணமாகக் கேட்டிருக்கின்றோம். அதில் வேறொரு பாடமும் உண்டு. தனதல்லாத நிலத்தைத் துப்புரவு செய்யும் கடமை தனக்கு உண்டு என்று கொண்டவர், அந்நிலத்தில் கிடைத்த பொன்னில் தனக்குப் பாத்தியதை உண்டு என்று கொள்ளவில்லை. பராமரிப்பு வேறு, பாத்தியதை வேறு. இந்த வேறுபாடே நான் சொல்ல வந்த விடயத்தின் கரு.

துப்புரவு செய்வதால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று கேட்போருக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆய்வாளர்கள் 541 வெறுங்காணிகளைத் தெரிந்தெடுத்தனர். ஒரு பகுதியில் குப்பை அகற்றி, புல் நட்டு, சில மரங்கள் வைத்து, இடுப்பளவு மரவேலி போட்டனர். இன்னொரு பகுதியை இருந்தபடியே விட்டனர். 2018இல் முடிவுகள் வெளிவந்தன. திருத்தப்பட்ட காணிகளைச் சுற்றியிருந்த வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 வீதம் குறைந்திருந்தது. அயலில் வாழ்ந்தோரிடையே மனச்சோர்வும் குறைந்திருந்தது. காணி எவருக்கும் கைமாறவில்லை. வீடு எதுவும் கட்டப்படவில்லை. பார்ப்பார் இருக்கின்றனர் என்ற அடையாளம் மட்டுமே சேர்ந்தது. எமது ஊரில் துப்பாக்கி இல்லை. ஆனால் பாழ்வளவுக்குள் போதைப்பொருளோடு ஒதுங்கும் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாத பெற்றோரும் இல்லை.

உரியவருக்கு உள்ள கடனை இனிச் சொல்ல வேண்டும். தமிழிலே "வீடு" என்ற சொல் இல்லத்தையும் குறிக்கும், முத்தியையும் குறிக்கும். முத்தி என்பது விடுதல். "எல்லாம் விட்டாயிற்று, ஊரும் வேண்டாம் வீடும் வேண்டாம்" என்று சிலர் ஞானம் பேசுவதுண்டு. விடுதல் வேறு, கைவிடுதல் வேறு. விட்டவர் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். கைவிட்டவர் சாவியை வைத்துக்கொண்டு வீட்டை மறப்பார். அவர் பிடித்திருக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. "எனது" என்னும் எண்ணம் மட்டும் எஞ்சி நிற்க, எனது என்று சொல்லத்தக்க பொருள் ஒவ்வொரு மாரிக்கும் கரைந்து போகின்றது. பற்றில் இதனிலும் பயனற்ற பற்று உண்டோ?

அத்தோடு ஒரு பெரிய முரண்பாடும் எங்கள் ஊர்களில் உண்டு. ஒரு புறம் பூட்டிய வீடுகள். மறு புறம் காணித்துண்டு இல்லாமல், உறவினர் வளவின் மூலையில் தகரக் கொட்டிலில் வாழும் குடும்பங்கள். குடாநாட்டு நலன்புரி முகாம்களில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, தாமும் பெற்றோரானவர்கள் உளர். வெறும் வீட்டை அவர்களுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டால், "ஆக்களைப் பாத்துத்தான் குடுக்க வேணும்" என்ற பதில் வரும். நல்ல ஒழுக்கமுள்ளவர்களா என்று பார்ப்பது அதன் பொருளானால் குறையில்லை. அதன் பொருள் வேறு என்பதை நாம் எல்லோரும் அறிவோம். கறையானுக்கும் பாம்புக்கும் திறந்துவிட்ட வீட்டை ஒரு மனிதக் குடும்பத்துக்குப் பிறப்புப் பார்த்து மூடுவது எந்தச் சைவத்தில் உண்டு? அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தபோது வருவோரின் குலம் கேட்டதாக நாம் படிக்கவில்லை.

பயத்துக்கு மருந்து எழுத்து. அரச சேவையில் பல ஆண்டுகள் கோவைகளோடு இருந்த பழக்கத்தால் இதனை உறுதியாகச் சொல்வேன். வாய்ச்சொல்லில் கொடுத்த வீடே வழக்காகின்றது. உரியவரின் அனுமதியோடு குடியிருப்பவரின் இருப்பு எதிரிடையான ஆட்சி ஆகாது. ஆகையால் யார், எத்தனை காலத்துக்கு, என்ன நிபந்தனையில் இருக்கின்றார் என்பதை நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, காலம் முடியுமுன் புதுப்பித்து வந்தால் இரு தரப்பும் நிம்மதியாக உறங்கலாம். உடன்பிறந்தோர் ஐவர் நான்கு நாடுகளில் இருப்பின், ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து முடிவெடுக்கும் பொறுப்பை ஒப்படைக்கலாம். பங்கு பிரிப்பதில் பிணக்கு இருந்தாலும், பற்றை வெட்டுவதில் பிணக்கு இருக்க வேண்டியதில்லை.

காவலிருப்போரைப் பற்றியும் நாம் நீதியாக எண்ண வேண்டும். உறவினரோ அயலவரோ ஒருவர் 20 ஆண்டுகள் முற்றம் கூட்டி, கிணறு இறைத்து, வைரவருக்கு விளக்கு வைத்து வருவார். ஒரு நாள் உரியவர் விமானத்தில் வந்து, ஒரு கிழமைக்குள் கூடிய விலைக்கு யாருக்கோ விற்றுவிட்டுப் போவார். கூட்டிய கைக்கு ஒரு சொல்லும் இல்லை. அக்கைக்குப் பாத்தியதை இல்லை என்று முன்னே சொன்னேன், அதில் மாற்றமில்லை. ஆனால் உரியவர் பக்கம் கடன் உண்டு. விற்குமுன் அவரிடம் முதலில் சொல்வதும், அவரால் வாங்க இயலுமாயின் விலையில் விட்டுக்கொடுப்பதும், இயலாதாயின் அவருடைய உழைப்புக்கு உரியதைக் கொடுப்பதும் அக்கடன். எழுத்தில் இல்லாத கடனைத் தீர்ப்பதே பெரிய மனிதருக்கு அழகு.

இறுதியாக ஆலயத்தின் பங்கு. இதனைச் சொல்லத் தர்மகர்த்தா சபையில் இருக்கும் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. வெளிநாடு வாழ் அடியார்களின் பேருபகாரத்தினாலேயே குடாநாட்டில் பல ஆலயங்களில் இராசகோபுரமும் சித்திரத்தேரும் மணிமண்டபமும் எழுந்தன. அவர்களின் பக்தியைப் போற்றுகின்றோம். ஆயினும் கோபுரம் உயர உயர, அதனைப் பார்த்துக் கைகூப்பும் வீடுகள் குறைந்து வருவதையும் காண்கின்றோம். சுவாமி காவுவதற்கு இளைஞரைத் தேடி அயலூருக்கு ஆள் அனுப்பும் ஆலயங்கள் உண்டு. உபயகாரர் திரையில் பார்க்க, திருவிழா நடைபெறுகின்றது. தேர் இழுக்க வடமும் வேண்டும், வடம் பிடிக்கக் கையும் வேண்டும்.

சிலர், "எங்களால் பார்க்க இயலவில்லை, வீட்டைக் கோயிலுக்கே எழுதி விடுகின்றோம்" என்கின்றனர். நல்ல மனம்தான். ஆனால் ஆலயம் அதனை வாங்கிப் பூட்டி வைத்தால், பாழ் வளவின் உரிமையாளர் பெயர் மாறியதே தவிர வேறென்ன நடந்தது? "சிவசொத்து குலநாசம்" என்ற அச்சத்தால் அதில் ஒருவரும் கைவைக்க மாட்டார்கள் என்பது உண்மை. அதே அச்சத்தால் ஒருவரும் குடியிருக்கவும் மாட்டார்கள், பயிர் செய்யவும் மாட்டார்கள். ஆகையால் ஆலயங்கள் இத்தகைய தருமசாதனத்தை ஏற்கும்போது, அங்கே ஒரு குடும்பம் வாழ வேண்டும், அல்லது பூசைக்குப் பூவும் அன்னதானத்துக்கு மரக்கறியும் விளைய வேண்டும், அல்லது பிள்ளைகளின் அறநெறி வகுப்பு நடைபெற வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்பதே முறை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஆண்டவனுக்கு வெறுங்காணி தேவையில்லை. அவன் பெயரால் அங்கே ஓர் அடுப்பெரிந்தால் அது அவனுக்கு நைவேத்தியம்.

சொன்னவற்றைச் சுருக்கி மூன்றாகத் தருகின்றேன். உரியவர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது வளவைத் துப்புரவு செய்விக்கவும், கிணற்றை இறைப்பிக்கவும், இயலுமாயின் குடியிருத்தவும் கடமைப்பட்டவர். வரும் மகோற்சவத்துக்கு உபயப் பணம் அனுப்பும்போது அதற்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கட்டும். அயலவர், உரியவருக்குச் சொல்லி, கிராம அலுவலருக்கும் தெரிவித்து, துப்புரவு செய்யக் கடமைப்பட்டவர். கதியாலை நகர்த்த உரிமையற்றவர். ஊர், அதாவது ஆலயமும் சனசமூக நிலையமும் பிரதேச சபையும், உரியவரையும் வீடற்றவரையும் ஒருவரோடொருவர் சேர்த்து வைக்கக் கடமைப்பட்டது. கொடியேற்றத்துக்கு முதற்கிழமை ஆலய வீதியில் செய்யும் சிரமதானத்தை, உரியவர் சம்மதத்தோடு அடுத்த ஒழுங்கையின் பூட்டிய வளவு வரைக்கும் நீட்டினால் அதுவும் உழவாரப் பணியே ஆகும்.

வெளிநாட்டிலிருந்து இம்மலரைக் கையில் எடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டின் சாவி எங்கே இருக்கின்றது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். அதனை யாருடைய கையில் கொடுக்கலாம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இடையூறுகளை நீக்கும் விநாயகப் பெருமான் அவ்வெண்ணத்துக்கு இடையூறு வாராது காத்து, எம் ஊரிலே மீண்டும் குடி பெருகவும், கிணறுகள் ஊறவும், மாலையில் விளக்குகள் எரியவும் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.